நடுக்கடலில் ஓடிபி

வைத்தியத்துக்கு வந்த பாம்பன் சின்னம்மாவை எண் கேட்டு மருத்துவமனைக் கவுண்டரிலேயே நிறுத்திவைத்ததைப் போன பதிவில் எழுதியிருந்தேன். அந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறார்கள். முந்தைய பதிவைப் படிக்காமலே பாதிப் பேர் பதில் எழுதியிருக்கிறார்கள் என்பது வேறு கதை.

திருக்கை முள் குத்தி, வீங்கிய காலோடு வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது "எங்கே வலிக்கிறது?" என்றுதான். "ஆபா எண் இருக்கிறதா?" என்றல்ல. (ஆபா என்பது நம் மருத்துவப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் மத்திய அரசின் அடையாள எண்.) அதை எடுக்க ஆதாரில் இணைத்த கைப்பேசிக்கு ஓடிபி வரவேண்டும். அந்தக் கைப்பேசியோ மகனுடையது. அவன் மீன்பிடி அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய்விட்டான். கைப்பேசி பாலித்தீன் பைக்குள் அவனோடு மிதக்கிறது. சரி, ரேகை வையுங்கள் என்றார்கள். விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு பாறை இடுக்கில் இருபது வருடம் கடல்பாசி எடுத்த கையில் ரேகைக்கு எங்கே போவது? கருவி மூன்று தடவை மறுத்தது. ஒவ்வொரு தடவையும் சின்னம்மா விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தார், தப்பு தன்மேல் என்பதுபோல. காலை வெந்நீரில் வைக்கச் சொல்லக்கூட ஓர் ஆள் இல்லை.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரியா? கொரோனா காலத்தில் அப்பாவுக்கு இ-சஞ்சீவனி என்ற அரசின் இணையவழி மருத்துவச் சேவையில் மருத்துவரைப் பிடித்தவன் நான். பரிசோதனைச் சீட்டு நனைந்து கிழியாமல் அந்த 14 இலக்க ஆபா எண்ணுக்குள் இருந்தால் கடற்கரைக்காரனுக்குத்தான் லாபம். ஒப்புக்கொண்டேன், போதுமா?

"ஆபா கட்டாயமே இல்லையே!" இல்லைதான். 2021இல் திட்டம் தொடங்கியதிலிருந்து அப்படித்தான் சொல்கிறார்கள். அதைக் கவுண்டரில் இருப்பவரிடம் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும். ஊழியர் பாவம், மேலிடத்து நெருக்கடி என்கிறீர்கள். பாவம்தான். சின்னம்மா?

மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் பெண்ணிடமும் செயலி இருக்கிறது. "சாப்பிட்டீர்களா ஐயா?" என்று அப்பாவிடம் கேட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் கைப்பேசியை எடுப்பார். சிக்னல் இல்லையென்றால் நோட்டில் குறித்துக்கொள்வார். முதலில் ஆள், பிறகு எண். இதைத்தானே கேட்கிறேன்?

"படிக்காதவர்கள் என்றால் இப்படித்தான்" என்று எழுதிய அன்பருக்கு ஒன்று. சின்னம்மா எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகார் என்ற கூழ்போன்ற பொருளை எடுக்கிறார்கள். உங்கள் ஆய்வுக்கூடத் தட்டில் கிருமியை வளர்த்து நோயைக் கண்டுபிடிப்பது அகாரின் மேல்தான். அந்தக் கையைத்தான் உங்கள் கருவிக்கு அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் படகு கரையை நெருங்கியபோது மகனின் கைப்பேசி மூன்று தடவை ஒலித்ததாம். மூன்றும் ஆறு இலக்க எண்கள். பத்து நிமிடம் மட்டுமே செல்லும் என்று போட்டிருந்ததாம்.