அக்வயரில் பேங்க் கடன் கொடுக்காதீர்கள்

மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பாம்பன், மண்டபம் பக்கம் அந்த நாட்களுக்கு நாலு பேர் உட்கார்ந்து ஆட நல்ல ஆட்டம் கேட்டால், தயங்காமல் அக்வயர் என்ற பலகை ஆட்டத்தைச் சொல்வேன். கூடவே ஒரு நிபந்தனையும் சொல்வேன்: காசு தீர்ந்தவருக்கு ஆட்டத்தின் பேங்கிலிருந்து கடன் கொடுக்க ஆடுபவர்களே சேர்த்துக்கொள்ளும் அந்தச் சொந்த விதியைத் தூக்கிப் போடுங்கள்.

தெரியாதவர்களுக்கு: அமெரிக்கரான சிட் சாக்சன் வடிவமைத்தது. 1964-ல் 3எம் வெளியிட்டது (ஆமாம், ஒட்டு டேப் விற்கும் அதே கம்பெனிதான்). 12-க்கு 9 கட்டம், கட்டத்துக்கு ஒன்றாக 108 வில்லை. ஏழு ஹோட்டல் கம்பெனி, ஒவ்வொன்றுக்கும் 25 பங்கு. ஆளுக்கு 6,000 பணம், கையில் 6 வில்லை. உங்கள் முறையில் ஒரு வில்லை வைக்க வேண்டும், மூன்று பங்கு வரை வாங்கலாம், கடைசியில் ஒரு வில்லை எடுக்க வேண்டும். தனி வில்லைக்குப் பக்கத்தில் இன்னொன்று ஒட்டினால் கம்பெனி பிறக்கும். பிறக்க வைத்தவருக்கு ஒரு பங்கு இலவசம். இரண்டு கம்பெனிக்கு நடுவே வில்லை விழுந்தால் பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும். 11 வில்லை சேர்ந்த கம்பெனியை யாரும் விழுங்க முடியாது.

புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குவார்கள். ஏழு கம்பெனியில் இம்பீரியல், கான்டினென்டல் இரண்டும் விலை கூடியவை. 6 வில்லை ஆனதும் பங்கு 800. ஒரு முறைக்கு மூன்று என்றால் 2,400. இரண்டு முறையில் 4,800 காலி. அதன்பின் வில்லை வைப்பதைத் தவிர வேலை இல்லை. பிசினஸ் ஆட்டம் மாதிரி இங்கே வாடகை கிடையாது, சுற்றி வந்தால் சம்பளமும் கிடையாது. உடனே, "கையில காசே இல்லப்பா, பேங்குல ரெண்டாயிரம் எடுத்துக்கிறேன்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த இடத்தில் ஆட்டம் செத்தது.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. படகு லட்சக்கணக்கில் பெறும், டீசல் போடக் காசு இருக்காது. அந்த நெருக்கடிதான் இந்த ஆட்டம்.

காசு வரும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: நீங்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனி விழுங்கப்பட வேண்டும். சல்லிசான கம்பெனிகளில் ஒன்றான டவரை எடுத்துக்கொள்வோம். 2 வில்லையில் பங்கு விலை 200. தொடங்கியவர் மூன்று வாங்குகிறார், இலவசத்தோடு நாலு. விலை ஏறுமுன் இன்னொருவர் 600 கொடுத்து மூன்று வாங்குகிறார். டவர் 4 வில்லையாக இருக்கும்போது விழுங்கப்பட்டால் விலை 400. அதிகப் பங்குக்காரருக்குப் பத்து மடங்கு போனஸ், 4,000. அடுத்தவருக்கு அதில் பாதி, 2,000. அவர் மூன்று பங்கையும் விற்றால் இன்னொரு 1,200. போட்டது 600, கையில் வந்தது 3,200. பெரிய கம்பெனிப் பங்கோடு முடங்கிக் கிடப்பவருக்கு இவர் எட்டாத தூரத்தில் இருப்பார். அவருக்குக் கடன் கொடுத்தால், சின்னக் கம்பெனியில் காத்திருந்தவரின் பொறுமைக்கு என்ன மதிப்பு?

விழுங்கப்பட்டபின் பங்கை விற்கலாம், இரண்டுக்கு ஒன்று வீதம் பெரிய கம்பெனிப் பங்காக மாற்றலாம், அல்லது அந்தக் கம்பெனி மறுபடி பிறக்கும் என்று வைத்திருக்கலாம். 300 விலைப் பங்கு இரண்டைக் கொடுத்து 800 பங்கு ஒன்று வாங்கினால் 200 லாபம்போலத் தெரியும். ரொக்கத்தில் 600 போயிற்று. எதிராளியின் பங்கு எண்ணிக்கையைத் தாண்ட உதவினால் மட்டும் மாற்றுங்கள். அடுத்த இரண்டு முறை வாங்கக் காசு இல்லையென்றால் விற்பதே மேல். வில்லை வைத்தவர்தான் முதலில் முடிவெடுப்பார், பிறகு கடிகாரச் சுற்று. கடைசியில் இருப்பவருக்கு மாற்றிக்கொள்ளப் பங்கே மிஞ்சாமல் போகலாம்.

சண்டை வரும் இடங்கள்: போனஸ் கணக்கு விழுங்கப்பட்ட கம்பெனியின் பழைய அளவுக்குத்தான், சேர்ந்தபின் உள்ள அளவுக்கு அல்ல. இரண்டு பேர் முதலிடத்தில் சமம் என்றால் இரண்டு போனஸையும் கூட்டிச் சரிபாதி, மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை. பாதுகாப்பான (11 வில்லையோ அதற்கு மேலோ உள்ள) இரண்டு கம்பெனியை இணைக்கும் வில்லை செத்த வில்லை, அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுக்க வேண்டும். ஒரு கம்பெனியில் 13 பங்கு வந்துவிட்டால் முதலிடம் உறுதி. அதற்கு மேல் அதில் காசைக் கொட்டுவது பெரும்பாலும் வீண்.

பெட்டி வாங்க வேண்டியதில்லை, வீட்டிலேயே செய்யலாம். 3 செ.மீ. கட்டமாக 36-க்கு 27 செ.மீ. அட்டை. நெடுக்கே 1 முதல் 12. குறுக்கு வரிசைக்கு அ முதல் ஐ வரை, சரியாக ஒன்பது எழுத்து. கம்பெனிகளுக்கு மீன் பெயர் வைத்தால் விலை மறக்காது: சாளை, நெத்திலி சல்லிசு, நண்டு, கணவாய், பாறை நடுத்தரம், இறால், வஞ்சிரம் உச்சம். ஊர்ப் பெயர் வைக்காதீர்கள், யார் ஊர் சல்லிசு என்று பஞ்சாயத்து தொடங்கிவிடும். பங்குச் சீட்டு 175 வேண்டும். வில்லைக்கு வெறும் அட்டை உதவாது. உப்புக்காற்றின் ஈரத்தில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி சுருளும், பின்பக்கம் பார்த்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். இரண்டு அட்டை ஒட்டி லேமினேட் செய்து 2.5 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். கவிழ்த்துப் பரப்பாமல் துணிப்பையில் போட்டு எடுங்கள், திண்ணையில் ஆடினால் பாதி வில்லை தெருவுக்குப் போய்விடும்.