சோபா கம் பெட்: படுக்கப் போகிறவரை அழைத்துப்போய் வாங்குங்கள்

சோபா கம் பெட் வாங்குவது குறித்து என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் பெரும்பாலும் எந்த நிறம் சுவருக்குப் பொருந்தும், எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்றுதான் தொடங்குகிறார்கள். அதில் யார் படுக்கப் போகிறார்கள் என்று நான் கேட்டால், "யாராவது ஊரிலிருந்து வந்தால்தானே" என்கிறார்கள். அந்த 'யாராவது' யார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில், ஓர் அறை தம்பதிக்கும் மற்றொன்று பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் என்றாகிவிட்ட பிறகு, ஹாலில் படுக்கிறவர் மாத்திரைப் பையோடு வந்திறங்கும் அம்மாவாகவோ மாமனாராகவோதான் இருப்பார். அவர்களுடைய முதுகுக்கும் முழங்காலுக்கும் ஏற்றதா என்று பார்த்த பிறகே ஹாலின் அழகைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. சாய்மானத்தை முன்னால் இழுத்து விட்டால் 'கிளிக்' என்று பின்னால் சரிந்து சமமாகப் படுத்துவிடுவது ஒன்று. இரண்டாவது, மரச் சட்டத்தில் அடிப்பலகையை இழுப்பறைபோல் வெளியே இழுத்து, சாய்மான மெத்தையை அதன்மேல் கிடத்துவது. மூன்றாவது, மரமோ இரும்போ இல்லாமல் வெறும் ஃபோமை மடித்துத் தைத்து, விரித்தால் தரையோடு தரையாகக் கிடப்பது. இந்த மூன்றாவது வகை விலை குறைவு, எடையும் குறைவு. கல்லூரி மாணவர்கள் தங்கும் வீட்டுக்கு அது போதும். முழங்கால் வலி உள்ள ஒருவர் இரவில் இரண்டு முறை கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டும் என்றால், தரையிலிருந்து அரை அடி உயரத்தில் கிடக்கும் மெத்தையிலிருந்து அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுவார்? உட்காரும் உயரம் 17, 18 அங்குலம் இருந்தால்தான் வயதானவர்களால் கை ஊன்றி எழ முடியும். சரியும் வகையில் இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் விழும். ஒருவர் படுத்தால் பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான் முதுகு வரும். என் ஓட்டு இழுப்பறை வகைக்குத்தான். ஒரே குறை, மலிவானவற்றில் சக்கரம் டைல்ஸைக் கீறும். இழுத்துப் பார்க்கும்போதே குனிந்து சக்கரத்தில் ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதை இழுத்துத் திறக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதும் முக்கியம். 1931இல் நியூயார்க்கில் சோபா படுக்கைத் தொழிலைத் தொடங்கிய பெர்னார்ட் காஸ்ட்ரோ, 1948இல் தொலைக்காட்சி விளம்பரத்தில் தம் நான்கு வயது மகளையே சோபாவைத் திறக்க வைத்தார். குழந்தையாலும் திறக்க முடியும் என்பதுதான் அவருடைய விற்பனையின் ஆணிவேர். நம் ஊர்க் கடைகளிலோ விற்பனையாளரே ஒரே இழுப்பில் விரித்துக் காட்டுவார், நாமும் தலையாட்டிவிடுவோம். வீட்டில் அதை விரிக்கப் போகிறவர் கையால் விரிக்கச் சொல்லுங்கள். பிறகு அதன்மேல் பத்து நிமிடமாவது படுக்கச் சொல்லுங்கள், கடைக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

மெத்தையைப் பொறுத்தவரை ஃபோமின் அடர்த்தியைக் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதே அந்த எண். உட்கார மட்டும் என்றால் 32 போதும். அடிக்கடி ஆள் படுப்பதாக இருந்தால் 40 கேளுங்கள். அடர்த்தி குறைந்த ஃபோம் கடையில் மெத்தென்று சுகமாகத்தான் இருக்கும். இடுப்பு அழுந்தும் இடம் கொஞ்ச காலத்திலேயே குழிந்துவிடும். மேலுறைக்கு ரெக்சின் வேண்டவே வேண்டாம் என்பேன். துடைக்க எளிது என்பது உண்மைதான். ஆனால் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் அதன் மேல்பூச்சு செதில் செதிலாக உரியும், மே மாதத்து இரவில் வியர்த்த முதுகு அதில் ஒட்டிக்கொள்ளும். கழற்றித் துவைக்க ஜிப் வைத்த பருத்தி உறையே நம் வெயிலுக்கு ஏற்றது.

அளவெடுக்கும்போது, மூடிய நிலையில் மட்டும் எடுத்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். விரித்த நிலையில் எவ்வளவு நீளம், அகலம் என்று கேட்டு வந்து, ஹால் தரையில் அதே அளவுக்குப் பழைய செய்தித்தாள்களைப் பரப்பிப் பாருங்கள். வாசல் கதவு திறக்கிறதா, கழிப்பறைக்குப் போக ஓர் ஆள் நடக்க வழி மிச்சம் இருக்கிறதா, சரியும் வகையானால் சுவருக்கும் சோபாவுக்கும் நடுவே போதிய இடைவெளி கிடைக்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். மின்விசிறியையும் அண்ணாந்து பாருங்கள். சுவரோரமாகப் போட்ட சோபாவில் படுக்கிறவருடைய தலைக்குக் காற்று எட்டாமல், நடு ஹாலுக்கு வீசிக்கொண்டிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் லிஃப்ட்டின் உட்புறத்தையும் அளந்துவிடுங்கள்.

அலங்காரத்திலும் இரவை மறக்கக் கூடாது. பத்திரிகைப் படங்களில் வருவதுபோல ஏழெட்டுக் குஷன்களை அடுக்கினால், இரவு அவற்றை எங்கே வைப்பது? இரண்டு போதும், அவையும் உறை மாற்றினால் தலையணையாகும் அளவில் இருக்கட்டும். எதிரே கனமான கண்ணாடி டீப்பாய் போடாமல், ஒரு கையால் நகர்த்தக்கூடிய மர ஸ்டூல் வையுங்கள். இரவில் அதுவே தண்ணீர்ச் செம்புக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் இடமாகும். சோபாவின் மேல் விரிக்க பவானி ஜமக்காளத்தைவிடப் பொருத்தமான ஒன்றை நான் காணவில்லை: அகன்ற வண்ணப் பட்டைகள் வெள்ளைச் சுவரில்கூட எடுப்பாகத் தெரியும், அழுக்கும் எளிதில் தாங்கும். சாம்பல், பழுப்பு என்று மங்கிய நிறத்தில் சோபாவை வாங்கிவிட்டு, நிறத்தையெல்லாம் ஜமக்காளத்துக்கும் சென்னிமலைப் போர்வைக்கும் விட்டுவிடுவது என் வழக்கம். இருக்கைக்கு அடியில் பெட்டி இருந்தால் அந்தப் போர்வையும் கொசுவலையும் அதற்குள்ளேயே இருக்கட்டும், வந்தவர் அர்த்தராத்திரியில் நம் படுக்கையறைக் கதவைத் தட்டிக் கேட்க நேராது.

செய்தித்தாளைப் பரப்பிப் பார்த்து இடம் போதவில்லை என்று தெரிந்தால், சோபா கம் பெட்டை விட்டுவிட்டு ஆறடிக்கு மூன்றடி திவான் ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை போட்டு, சுவரோரம் இரண்டு திண்டுகளைச் சாய்த்துவிட்டால் பகலில் மூன்று பேர் உட்காரலாம், இரவில் ஒருவர் பள்ளமில்லாமல் படுக்கலாம். இழுக்கவோ மடக்கவோ எதுவும் இல்லை.