ஒற்றியூர் நீங்கலாக

ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டைக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஆனால் "சரியான பதிலடி" என்று ஆளாளுக்கு அதையே பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்தக் கல்லூரிப் பெண் கேட்டது சின்னக் கேள்வி. வரி தாங்க முடியாமல் போனால் சோழர் காலத்துக் குடியானவன் யாரிடம் போய் நிற்பான்? பேச்சாளர் சிரித்தார். "மன்னன் தெய்வத்தின் அம்சம் அம்மா. தெய்வத்திடம் யாராவது கணக்குக் கேட்பார்களா?" அரங்கமே கைதட்டியது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். அவர் பேச்சைக்கூட மன்னித்துவிடுவேன். தட்டியவர்களில் பாதிப் பேர் நம் பேட்டைக்காரர்கள்.

ஐயா, கணக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தானே தெய்வத்தையே நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்?

அங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருவொற்றியூர். அந்தக் கோயில் ஈசனுக்கு எழுத்தறியும் பெருமான் என்ற பெயர் எப்படி வந்தது என்று பேச்சாளருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மன்னன் ஊர் ஊராக வரி கேட்டு ஓலை எழுதுகிறான். அந்த ஓலையில், எழுதியவனுக்கே தெரியாமல், இடையில் ஒரு சேர்க்கை இருக்கிறது: 'ஒற்றியூர் நீங்கலாக'. எழுதியது ஈசன். அரசாணையிலேயே தெய்வம் கைவைத்த ஊர் ஐயா இது! மன்னன் பக்கம் நிற்கவில்லை, ஊர் பக்கம் நின்றது.

அதே ஊரில்தான் ஈசனின் தோழர் சுந்தரர், உன்னைப் பிரியமாட்டேன் என்று, தான் மணக்கவிருந்த சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்பார்வை போனது. தன் தோழனுக்கே சலுகை காட்டாத தெய்வம், எந்த மன்னனுக்குக் 'கேள்வி கேட்காதே' என்று பட்டா எழுதிக் கொடுத்திருக்கும்? (நான் பெரிய பக்திமான் இல்லை. மனைவி உள்ளே போவாள், நான் வெளியே செருப்புக்குக் காவல் நிற்பேன். எனக்கே இவ்வளவு தெரிகிறது.)

மன்னன் தெய்வத்தின் அம்சம் என்பதைக் கோட்பாடாகவே முழங்கியவர் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ். அரசர்கள் பூமியில் கடவுளின் பிரதிநிதிகள் என்று 1610இல் நாடாளுமன்றத்திலேயே பேசினார். அவர் மகன் முதலாம் சார்லஸ் பதினோரு ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். அதன் ஒப்புதல் இல்லாமலே கப்பல் வரி வசூலித்தார். நம் ஜார்ஜ் கோட்டைக்கு 1639இல் கம்பெனிக்காரர்கள் இடம் வாங்கியது அவர் காலத்தில்தான். மன்னனை விசாரிக்கப் பூமியில் எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை என்று கடைசிவரை சாதித்தார். 1649 ஜனவரி 30 அன்று தலையை வெட்டினார்கள். தலையை வெட்டியது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கேயும் சண்டை எதில் தொடங்கியது? வரியில்தான். அந்தப் பெண் கேட்ட அதே வரி.

அவர் மகன் இரண்டாம் சார்லஸ் காலத்தில் கண்டமாலை வந்தவர்கள் அரண்மனையில் வரிசை கட்டி நின்றார்கள். மன்னர் கை பட்டால் கழுத்துக் கட்டி கரையும் என்று நம்பிக்கை. பல்லாயிரம் பேரைத் தொட்டார். அது பெரும்பாலும் காசநோய்க் கட்டி. என் அப்பாவுக்கும் வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று சித்திரை வெயிலிலும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே போவார். பாட்டி தாயத்துக் கட்டினாள். அம்மாதான் அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாதக் கணக்கில் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்து ஆள் மிரண்டுவிட்டார். அது மாத்திரையின் சாயம் என்று நர்ஸ் சிரித்தார். ஒருமுறை இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பப் பார்த்தபோது, ஏன் இல்லை என்று கேட்டுக் கவுண்டரை விட்டு அம்மா நகரவே இல்லை. மாத்திரை வந்தது, கட்டியும் கரைந்தது. எந்த மகாராஜாவும் வந்து தொடவில்லை.

"சோழனை இழிவுபடுத்துகிறாய்" என்று கிளம்புவீர்கள், தெரியும். யார் இழிவுபடுத்தியது? 'நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும்' என்று கொடுத்ததையெல்லாம் பெரிய கோயில் கல்லில் வெட்டச் சொன்னவர் ராஜராஜன். கணக்கைக் கல்லிலேயே எழுதிவைத்த மனிதரின் பெயரைச் சொல்லிக் கணக்குக் கேட்காதே என்கிறீர்கள். சூரிய குலம் என்று செப்பேட்டில் எழுதிக்கொண்டார்களே என்றால், ஆமாம், எழுதிக்கொண்டார்கள். அந்தக் காலத்து விளம்பரம்.

குறளே மன்னனை இறை என்கிறதாம். 'முறைசெய்து காப்பாற்றும்' என்ற நிபந்தனையோடுதானே அந்தக் குறளே தொடங்குகிறது? இன்னொருவர் சீனாவை இழுக்கிறார். அங்கே மன்னனுக்கு ஆளும் உரிமை தருவது 'வானத்தின் ஆணை'. ஆனால் அது கெட்ட மன்னனைக் கைவிட்டுவிடும். ஷாங் வம்சத்தைக் கவிழ்த்த ஜோவ் வம்சம் சொன்ன நியாயமே அதுதான். அது என் கட்சிக்குச் சாட்சி. தெய்வ பயம் போனால் நாடு சிதறிவிடும் என்பவர்களுக்கு: 1946 ஜனவரி 1 அன்று ஜப்பான் பேரரசர் தன் தெய்வத்தன்மையைத் தானே மறுத்தார். ஜப்பான் சிதறியா போனது?

உங்களுக்கெல்லாம் மன்னன் மேல் ஆசை என்றுகூட நான் நம்பவில்லை. கேள்வி கேட்பவரை உட்கார வைப்பதில்தான் ஆசை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படிந்ததே, மீனவர்கள் பக்கெட்டும் மக்கும் வைத்து வெறும் கையால் அள்ளினார்களே, அப்போது "மேலிடத்திடம் கணக்குக் கேட்கலாமா" என்று சும்மா இருந்திருந்தால் நிவாரணம் என்ற பேச்சாவது எழுந்திருக்குமா? படகில் படிந்த கறுப்பைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்கள் ஐயா. கத்திக் கேட்டார்கள்.

கடைசியாக, "மீன்காரி மகனுக்கு ராஜபரம்பரை பற்றி என்ன தெரியும்" என்று எழுதியவருக்கு. ஆமாம், என் அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்றவள்தான். உங்கள் மகனின் கட்டுரைப் போட்டிக்கு என்னிடம் குறிப்பு வாங்க வந்தபோது மட்டும் நான் 'சார்' ஆக இருந்தேன். அன்றைக்குத் தெரியாத நாற்றமா இன்றைக்குத் தெரிகிறது?

திட்டுகிறவர்கள் திட்டலாம். எனக்கு இரவு ஷிஃப்ட். நாளை காலையில்தான் படிப்பேன்.