குருவிக் கதை சொன்னது குற்றமாம்

சர்வாதிகாரம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க ஒரு குருவிக் கதை சொன்னேன். அதற்குத்தான் பெற்றோர் குழுவில் நேற்றிலிருந்து பஞ்சாயத்து ஓடுகிறது. "பிஞ்சு மனசில் நஞ்சை விதைக்கிறார்" என்று எனக்குப் பட்டமும் கொடுத்தாகிவிட்டது. நன்றி. பதில் எழுதுவதற்குள் என்னை நீக்கியதற்கு இன்னொரு நன்றி.

அப்படி என்னதான் சொன்னேன்? 1958-ல் மாவோ ஆட்சியில் சீனாவில் சிட்டுக்குருவிகளை ஒழிக்கக் கிளம்பினார்கள். தானியத்தைத் தின்கிறதாம். பானை, தட்டு, தகரம் என்று கையில் கிடைத்ததைத் தட்டி, உட்கார விடாமல் விரட்டினார்கள். பறந்து பறந்து களைத்து விழுந்து செத்தன. அப்புறம் பயிரில் பூச்சி பெருகியது. 1960-ல் ஒழிப்புப் பட்டியலிலிருந்து குருவியை எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

"குருவி பூச்சி தின்னும்னு யாருக்குமே தெரியாதா?" என்று ஒரு வாண்டு கேட்டது. தெரியும். பறவை ஆய்வாளர்களுக்கு நன்றாகவே தெரியும். மேலே போய்ச் சொல்வதுதான் கஷ்டம். சர்வாதிகாரம் பற்றிப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். ராட்சசன் கதை எல்லாம் வேண்டாம். நாற்காலியில் இருப்பவர் நல்லவரே என்றாலும், கெட்ட செய்தி அவர் காதுக்குப் போகாது.

"ஒரே ஆள் என்றால் டக்கென்று முடிவெடுக்கலாமே?" எடுக்கலாம். குருவி விஷயத்திலும் டக்கென்றுதான் எடுத்தார்கள். "ஜனநாயகத்தில் தப்பே நடக்காதா?" தினமும் நடக்கிறது. கத்துவதற்கு ஆள் இருக்கிறது, அவ்வளவுதான். "சிங்கப்பூரை முன்னேற்றிய பிரதமர் லீ குவான் யூ?" அதற்கு இன்னொரு நாள் வருகிறேன், இப்போது பொறுமை இல்லை.

குருவியோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மேலிடத்தைக் குளிர்விக்க அதிகாரிகள் விளைச்சலைக் காகிதத்தில் ஏற்றிக் காட்டினார்கள். அந்தக் கணக்கை நம்பி அரசு தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. பஞ்சத்தில் கோடிக்கணக்கில் செத்தார்கள். 1959-ல் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் இதையெல்லாம் சுட்டிக்காட்டி மாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மரியாதையாகத்தான் எழுதினார். பதவி போனது.

"அப்போ நானா இருந்தா லெட்டரே எழுத மாட்டேன்" என்றான் ஒரு பையன். ஒரு நாடே எப்படி வாயை மூடும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்குத்தான் இன்னும் நஞ்சாகத் தெரிகிறது.

"சின்னப் பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு?" அரசியல் அல்ல உங்கள் கவலை. நாளைக்கு வீட்டில் "ஏன்ப்பா?" என்று கேட்டுவிடுவார்கள். அதுதானே? கேட்கட்டுமே. கேட்டால் என்ன குறைந்துவிடும்? என்னை நீக்குமுன் நீங்கள்தான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம், இன்பாக்ஸில் வந்து "நீங்க சொன்னது சரிதாங்க, குழுவில் சொல்ல முடியல" என்ற நாலு பேருக்கு: நீக்கியவரைவிட உங்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.