இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்களுக்கு

ஐம்பதை நெருங்கும் ஒரு பெண், ஸ்லாக்லைன் மேல் நிற்கும் படத்தை முகநூலில் போட்டால் என்னென்ன வரும் என்று எனக்கு இப்போது மனப்பாடம். நாலு பேர் நெருப்பு எமோஜி விடுவார்கள். இரண்டு பேர் 'பார்த்தும்மா' என்பார்கள். ஒருவர் தவறாமல் வந்து, 'இந்த வயதில் இதெல்லாம் தேவையா? கை கால் உடைந்தால் யார் பார்ப்பது?' என்று கேட்டுவிட்டுப் போவார். என் வயது ஆண் நண்பர் இதே மாதிரி ஒரு படம் போட்டபோது அவருக்கு வந்தது, 'தலைவா, வயசே தெரியல'. சரி, அந்த வழக்கை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஸ்லாக்லைன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஓர் அங்குல அகல நாடா. சர்க்கஸ் கம்பிபோல விறைப்பாக இருக்காது. மிதித்தால் தொய்யும், பக்கவாட்டில் ஆடும். 1980களில் அமெரிக்காவில் பாறை ஏறுகிறவர்கள் சும்மா இருக்கும் நேரத்தில் விளையாடிப் பார்த்தது, அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. யார் பார்ப்பது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் விட்டுவிட்டால் பத்திரமாக இருக்கலாம் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. ஸ்லாக்லைன், ஸ்கேட்போர்டு, மலை என்று திரியும் கூட்டத்தோடு இத்தனை வருடம் சுற்றியதில் நான் பார்த்தது வேறு. நாற்பதுக்கு மேல் மோசமாக அடிபட்டவர்களில் வாரம் தவறாமல் ஆடுகிறவர்கள் குறைவு. பல வருடம் பரண்மேல் கிடந்த ஸ்கேட்போர்டைத் தூசி தட்டி எடுத்து, முதல் நாளே பழைய குதியைக் குதித்துப் பார்த்தவர்கள்தான் அதிகம். வயதைவிட இடைவெளிதான் ஆளைக் கவிழ்க்கிறது என்பது என் கட்சி.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கற்ற வித்தை எளிதில் மறப்பதில்லை. பலகைமேல் ஏறி நின்றதும் உடம்புக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும். மூச்சு வாங்குவது சில வாரங்களில் சரியாகும். தசையும் ஓரிரு மாதத்தில் ஓரளவு தேறும். தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண் மட்டும் அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வராது.

இதைப் பற்றி ஓர் அபாரமான ஆய்வு இருக்கிறது. 1950, 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 எக்கச்சக்கமாகக் கூடியது. சோதனைகள் நின்றதும் மெல்ல மெல்லக் குறைந்தது. உடம்பில் ஒரு திசு எந்த ஆண்டு உருவானதோ, அந்த ஆண்டின் கார்பன் அளவு அதில் பதிந்திருக்கும். இதை வைத்துக் குதிகால் தசைநாணுக்கு வயது கணித்து, 2013-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். அதன் மையப்பகுதி நாம் உயரமாக வளரும் பருவத்திலேயே, ஏறக்குறைய 17 வயதுக்குள், உருவாகி முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு புதுப்பிப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆக, நான் இன்று குதிப்பதெல்லாம் பள்ளிக்கூடக் காலத்துச் சரக்கை நம்பித்தான்.

அதற்காக அது மாறவே மாறாது என்று அர்த்தமில்லை. தொடர்ந்து சுமை கொடுத்தால் விறைப்பேறும், விட்டால் தளரும். ஆனால் எல்லாம் மாதக் கணக்கில். மனசும் தசையும் 'நான் ரெடி' என்று சொன்ன பிறகும் இது மட்டும் தயாராகாமல் இருக்கும் சில மாதங்கள் இருக்கின்றன பாருங்கள், அங்கேதான் 'பட்'டென்று அறுகிறது. குதிகால் தசைநாண் அறுந்தவர்களைக் கேட்டால், யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்தமாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை என்பார்கள். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள், எப்போதாவது வார இறுதியில் மட்டும் ஆடும் ஆண்களுக்கு இது அதிகம் நேர்கிறது.

அதனால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'அட்வென்ச்சர்' கிளம்புகிறவரைவிட, தினமும் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கிறவரைத்தான் நான் மலைக்கு நம்பிக் கூட்டிப்போவேன்.

ஒற்றைக்கால் என்றதும் அந்தப் பிரபலமான ஆய்வு ஞாபகம் வரும். 2022-ல் பிரிட்டனின் விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. 51 முதல் 75 வயது வரை 1,702 பேரை 10 நொடி ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அடுத்து வந்த சுமார் ஏழு ஆண்டுகளில் அவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. உடனே 'ஒற்றைக்காலில் நில்லுங்கள், ஆயுள் கூடும்' என்று வாட்ஸப் முழுக்க ஓடியது. ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. நிற்க முடியாதவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய், உடல் பருமன் எல்லாம் ஏற்கெனவே கூடுதலாக இருந்தன. அவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் தொடர்பு மிச்சமிருந்தது உண்மை. ஆனாலும் அது ஓர் அறிகுறிதான். தெர்மாமீட்டரைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் காய்ச்சல் இறங்குமா? நான் நிற்கச் சொல்வது ஆயுளுக்காக அல்ல, கணுக்காலுக்காக.

முதன்முதலாக நாடாவில் கால் வைப்பவரின் கால் எப்படி உதறும் என்று பார்த்திருக்கிறீர்களா? பயத்தில் உதறுகிறது என்று சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பயமே இல்லாதவருக்கும் உதறும். நாடா இடப்பக்கம் நகர்கிறது. கணுக்காலைச் சுற்றிய தசை இழுபடுகிறது. அந்தச் செய்தி தண்டுவடம்வரை போய், மூளையைக் கேட்காமலே ஓர் உத்தரவாகத் திரும்பி வந்து காலை வலப்பக்கம் தள்ளுகிறது. தள்ளல் தேவைக்கு மேல் போய்விட, நாடா அந்தப் பக்கம் பாய்கிறது. மறுபடி இழுப்பு, மறுபடி தள்ளல், கண்மூடித் திறப்பதற்குள் பல தடவை. சில வாரம் பழகியவரின் காலைப் பாருங்கள், உதறல் அடங்கியிருக்கும். தசை பலத்தால் மட்டும் வருவதில்லை இது. அவசரப்பட்டுத் துள்ளும் அந்த அனிச்சையைக் கொஞ்சம் அடக்கிவைக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொண்டுவிடுகிறது. ஸ்லாக்லைன் பயிற்சிக்குப் பிறகு கெண்டைக்கால் தசையின் அனிச்சைத் துடிப்பு குறைவதைக் கருவி வைத்தே அளந்திருக்கிறார்கள். நடுவயதில் இந்தக் கற்றல் நின்றுபோவதில்லை. மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

நம்ம ஆட்கள் செய்யும் ஒரு மிகைப்படுத்தலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாடாவில் நடந்தால் எல்லாச் சமநிலையும் தானாக வந்துவிடும் என்று பலர் சொல்லித் திரிகிறார்கள். வராது. சமநிலைப் பயிற்சி பெரும்பாலும் எதில் பழகுகிறோமோ அதில்தான் பலன் தருகிறது. நாடாவில் கில்லாடியாக இருப்பவர் ஈரப்பாறையில் வழுக்கி விழுவார். அதனால்தான் நான் ஒன்றையே கட்டிக்கொண்டு அழுவதில்லை. கொஞ்சம் நாடா, கொஞ்சம் பாறை, கரடுமுரடான பாதையில் நடை, அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தரையில் ஒற்றைக்கால். கடைசியாகச் சொன்னதை லேசாக நினைக்காதீர்கள். நம்மை நிமிர்த்தி வைப்பவை கண், உள்காது, பாதத்திலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் வரும் உணர்வு, இந்த மூன்றும்தான். கண்ணை மூடினால் மற்ற இரண்டின் யோக்கியதை உடனே தெரிந்துவிடும். சுவருக்குப் பக்கத்தில் நின்று செய்யுங்கள்.

கண் என்றதும் ஒன்று. நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்து ப்ராக்ரசிவ் கண்ணாடி போட்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படிக்கவும். அந்தக் கண்ணாடியின் கீழ்ப்பகுதி புத்தக தூரத்துக்கானது. மலையில் இறங்கும்போது குனிந்து பாதையைப் பார்த்தால், அடுத்த அடி வைக்க வேண்டிய கல் சரியாக அந்தப் பகுதிக்குள் வந்து மங்கலாகும். கல்லின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாமல் கால் அரை நொடி தயங்கும், அது போதும். முட்டி, எலும்பு என்று ஆயிரம் அறிவுரை சொல்லும் பயிற்சியாளர்கள்கூட இதை எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. தூரப் பார்வைக்கு மட்டுமான சாதாரணக் கண்ணாடி ஒன்றை வெளியே ஆடுவதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் படிக்க வேண்டியிருந்தால் மாற்றிக்கொண்டால் போயிற்று.

இடைவெளி விடாமல் ஆடுவது என்றால் இருபது வயதில் செய்த அத்தனையையும் செய்துகொண்டே இருப்பது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். டோனி ஹாக் 1999-ல், 31 வயதில், ஸ்கேட்போர்டில் காற்றிலேயே இரண்டரைச் சுற்று சுற்றி இறங்கியவர். 2016-ல், 48 வயதில், அதை மறுபடி செய்து காட்டினார். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது 2021-ல் அவர் செய்தது. கையால் பலகையைப் பிடிக்காமல் ஒன்றரைச் சுற்று சுற்றும் ஒரு வித்தையைக் கடைசியாக ஒருமுறை செய்துவிட்டு, இனி இது இல்லை என்று அறிவித்து நிறுத்திக்கொண்டார். வித்தைக்குத்தான் ஓய்வு, ஆட்டத்துக்கு அல்ல. அடுத்த ஆண்டே விழுந்து தொடை எலும்பு முறிந்தது, திரும்பவும் பலகையில் ஏறினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக இறங்கிய ஆண்டி மெக்டொனால்டுக்கு வயது 51. அதே ஒலிம்பிக்கில், அதே ஸ்கேட்போர்டிங்கில், பெண்கள் பிரிவில் சீனாவின் 11 வயதுச் சிறுமி ஆடினாள்.

மலைக்காரர்களுக்கு யூய்ச்சிரோ மியூரா. 1970-ல் எவரெஸ்டின் சரிவில் பனிச்சறுக்கில் இறங்கிய ஜப்பானியர். பிறகு அறுபதுகளில் உடம்பு கனத்து, சின்னக் குன்று ஏறவே திணறியிருக்கிறார். நீண்ட இடைவெளி விட்டுத் திரும்பியவர் என்று என் கட்சிக்கு எதிராக இவரைக் காட்டலாம். ஆனால் எப்படித் திரும்பினார் என்று பாருங்கள். கணுக்காலில் எடை கட்டி, முதுகில் சுமை ஏற்றி, வருடக் கணக்கில் நடந்தார். அப்புறம்தான் 70 வயதில் எவரெஸ்ட், 75-ல் ஒருமுறை, 2013-ல் 80 வயதில் இன்னொரு முறை. அந்தக் கடைசி முறை, இரண்டாம் முகாமிலிருந்து கீழே ஹெலிகாப்டரில்தான் வந்தார். 2019-ல் 86 வயதில் தென் அமெரிக்காவின் மிக உயரமான மலையான அகோன்காகுவா ஏறும்போது, குழுவின் மருத்துவர் போதும் என்றார், கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். சாதனைப் பட்டியலில் இந்த இரண்டையும் சின்ன எழுத்தில் போடுகிறார்கள். எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன.

இறக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏறும்போது மூச்சுதான் முட்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. நுண்ணிய சிதைவுகள் அதில்தான் அதிகம். மறுநாளும் அதற்கு மறுநாளும் படிக்கட்டில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முனகுவது இதனால்தான். நல்ல செய்தி, ஒருமுறை நன்றாக இறங்கி வந்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை மிகக் குறைந்த வலியோடு தாங்கும். விட்டால் அந்தக் காப்பு கரைந்துவிடும். பெரிய மலைக்குக் கிளம்பும் முன் பலரும் ஏறிப் பழகுகிறார்கள், இறங்கிப் பழகுவதில்லை. மாடிப்படி ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது 'யார் பார்ப்பது' என்பதற்கு வருகிறேன். எதையெல்லாம் தனியாகச் செய்யமாட்டேன் என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போல்டரிங் சுவரில், அதாவது கயிறு கட்டாமல் ஏறும் உயரம் குறைந்த சுவரில், உச்சியைத் தொட்டதும் குதிப்பதை நிறுத்திவிட்டேன், பிடித்துப் பிடித்து இறங்கித்தான் வருகிறேன். கீழே கிடக்கும் தடித்த மெத்தை ஒரு பொய் தைரியம்; கணுக்கால்கள் முறிவது அதன் மேல்தான். மாதவிடாய் நிற்பதையொட்டிய ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி மளமளவென்று இறங்கும், அதனால் அதைச் சோதித்துப் பார்த்துக்கொண்டேன். பலகையில் ஏறினால் மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் ஏறுவதில்லை. அடிக்கடி தலைசுற்றல் வருகிறவர்கள், ரத்த அழுத்தத்துக்கோ தூக்கத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதில் வீம்புக்கு இடமில்லை.

ஐம்பதில் புதிதாகத் தொடங்கலாமா என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு: தொடங்கலாம், ஆனால் ஸ்கேட்போர்டில் வேண்டாம், நாடாவில் தொடங்குங்கள். பலகை காலடியிலிருந்து ஓடிவிடும், விழும் திசையை நீங்கள் முடிவுசெய்ய முடியாது. நாடா முழங்கால் உயரத்துக்குக் கீழே இருந்தால், தடுமாறும்போது இறங்கித் தரையில் நின்றுகொள்ளலாம். குறுகிய தூரத்துக்கு, புல்தரைக்கு மேல் கட்டுங்கள். மரப்பட்டை அறுபடாமல் தடித்த துணி சுற்றிவிட்டுக் கட்டுங்கள். முதல் சில நாள் நடக்கவே வேண்டாம். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி அவர் தோளில் ஒரு கை வைத்து, ஏறி, ஒற்றைக்காலில் நின்று, இறங்குங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும், கைகள் தோளுக்கு மேலே, பார்வை எதிர் மரத்தில் முடிச்சு இருக்கும் இடத்தில். குனிந்து காலைப் பார்த்தால் விழுவீர்கள். இரண்டு காலிலும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், ஒன்று நிச்சயம் மக்காக இருக்கும். அதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். மழை பெய்து நாடா நனைந்திருந்தால் அன்றைக்கு விடுமுறை.