பெட்ரோல் காருக்குத் துரத்துவது நீங்கள்தான்

என் எலெக்ட்ரிக் காரை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. விஷயம் காதில் விழுந்தவர்கள் எல்லாம் "அன்னைக்கே சொன்னமில்லைங், கரண்டு வண்டி நம்மூருக்கு ஒத்து வராதுன்னு" என்று ஆரம்பித்துவிட்டார்கள். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது. வண்டிக்கு என்ன கேடு? ஓட்ட ஓட்ட ஆசையாக இருக்கிற வண்டி அது. அதை நம்பி நெடுஞ்சாலையில் இறங்க முடியாதபடி அரசும் சார்ஜர் கம்பெனிகளும் கார் கம்பெனிகளும் செய்து வைத்திருக்கிறார்களே, அவர்கள் மேல்தான் என் கோபமெல்லாம். இதைப் பிரித்துச் சொல்லாமல் விட்டால் பழி முழுக்க வண்டி மேல் விழுந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பல்லடத்துக்குப் பக்கம். திருப்பூர், அவிநாசி, காங்கேயம் என்று தொழில் விஷயமாக அலைவதெல்லாம் இந்தக் காரில்தான். ராத்திரி செருகிவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் நிறைந்திருக்கும். ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் போல வருகிறது. வீட்டு மின்கட்டணத்தில் ஸ்லாப் ஏறும், அது உண்மை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினாலே கணக்கு மாறிவிடும். 1,000-ஐத் தாண்டினால் யூனிட் 11 ரூபாய்க்கு மேல். அந்த உச்ச விலையில் போட்டுப் பார்த்தாலும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாயைத் தொடாது. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில், பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கிற வண்டிக்கு ஏழு ரூபாய் ஆகிறது. இஞ்சின் ஆயில் மாற்றும் வேலை இல்லை, கிளட்ச் என்று ஒன்றே இல்லை, பிரேக் கட்டைகூட மெதுவாகத்தான் தேய்கிறது. "தோட்டத்து சர்வீஸ்ல செருகிக்கலாமில்ல, ஓசிதானே" என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது பயிருக்குத் தண்ணீர் இறைக்கக் கொடுத்த மின்சாரம். அதில் கார் ஓட்டுவது திருட்டு. அதைச் செய்து மிச்சம் பிடிக்க வேண்டிய தேவையே இந்த வண்டிக்கு இல்லை.

ஆக, வீட்டைச் சுற்றி ஓடுகிற வரைக்கும் ராஜா வண்டி. சேலம் ரோட்டில் ஏறட்டும், அப்புறம் பாருங்கள்.

ஒரு முறை நிறைத்தால் 450 கிலோமீட்டர் ஓடும் என்று கார் கம்பெனிக் காகிதத்தில் போட்டிருந்தார்கள். நூறில் போனால், சித்திரை வெயிலில் ஏசியும் ஓடினால், 280 வருவதே பெரிது. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு பல மடங்கு ஏறும், அது இயற்கை. அதற்காக நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. பல்லடத்திலிருந்து சேலம் போய்வர முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் ஒரே ஒரு இடத்தில் அரை மணி நேரம் மின்சாரம் கிடைத்தால் போதும். அந்த ஒரு இடத்துக்குத்தான் இந்தப் பாடு.

போன மாதம் சேலத்தில் சொந்தக்காரர் வீட்டு வரவேற்பு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அம்மாவுக்கு முட்டிவலி, ரொம்ப நேரம் உட்கார முடியாது. திரும்பி வரும்போது சங்ககிரி தாண்டி ஒரு சார்ஜர். செயலியில் பச்சைப் புள்ளி, "தயார்" என்று காட்டுகிறது. நேரில் போனால் திரை இருட்டாகக் கிடக்கிறது. தொடர்பு எண்ணுக்குக் கூப்பிட்டால் இந்திக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு. எடுத்த பையன் பாவம், எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறானோ, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கறேன் சார்" என்கிறான். இங்கே மெயின் சுவிட்சே அணைந்து கிடக்கிறது, அதன் பெட்டிக்குப் பூட்டு, சாவி மேனேஜரிடம், மேனேஜர் வீட்டுக்குப் போய்விட்டார். சரி என்று பவானி தாண்டி அடுத்த இடம். ஓட்டலில் மின்தடை. ஜெனரேட்டர் ஓடுகிறது, பரோட்டாக் கல் காய்கிறது, பெயர்ப்பலகை மின்னுகிறது, சார்ஜருக்கு மட்டும் ஜெனரேட்டர் இணைப்பு கிடையாது. பெருந்துறைப் பக்கம் மூன்றாவது ஒன்று வேலை செய்தது. 60 கிலோவாட் என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னொரு வண்டி நின்றதால் பாதிதான் வரும் என்று நினைத்தேன், அந்தப் பாதியும் வரவில்லை. மாமா போனில், "ஏனுங் மாப்ள, இன்னும் பெருந்தொறையே தாண்டலீங்களா? பின்னால கெளம்புன நாங்க ஊடு வந்து படுத்தாச்சுங்" என்கிறார். அம்மா காருக்குள் காலை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

இதில் காசு விஷயம் தனிக் கொள்ளை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு செயலி, ஒவ்வொரு செயலியிலும் ஒரு பணப்பை. அதில் முன்கூட்டியே பணம் போட்டால்தான் காரில் செருகுகிற சார்ஜர் கன்னின் பூட்டு திறக்கும். இருபது ரூபாய்க்குச் சார்ஜ் போட ஐந்நூறு ரூபாயை உள்ளே தள்ளச் சொல்கிறார்கள். சார்ஜ் பாதியில் அறுந்தால் பிடித்த பணம் திரும்பி வர வாரக்கணக்காகும், சிலது வருவதே இல்லை. பொள்ளாச்சி ரோட்டில் இளநீர் விற்கிற அம்மா யுபிஐ அட்டை மாட்டி வைத்திருக்கிறார், ஒரு நொடியில் வேலை முடிகிறது. லட்சக்கணக்கில் விலை போட்டு இறக்கிய இயந்திரத்துக்கு அது முடியாதாம்! விலையாவது குறைவா? யூனிட் இருபது ரூபாய், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நெடுஞ்சாலை வேகத்தில் கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு நாலு ரூபாய்ப் பக்கம் வருகிறது. நல்ல டீசல் கார் நாலரை ரூபாயில் ஓடிவிடும், அவன் எங்கேயும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

பணம் ஒதுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் மூன்று அரசு எண்ணெய் நிறுவனங்களுக்கு 7,432 சார்ஜர்கள் வைக்க 800 கோடி ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. 2024-ல் வந்த பி.எம். இ-டிரைவ் என்ற மத்திய அரசின் மின்வாகனத் திட்டத்தில் பொதுச் சார்ஜருக்கென்றே 2,000 கோடி. அதே வருடம் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதலில் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 20 கிலோமீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியது நல்லதுதான். ஆனால் எல்லாக் கணக்கும் எத்தனை நட்டோம் என்பதோடு நின்றுவிடுகிறது. ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்ததோடு சரி. இன்றைக்கு ராத்திரி அதில் மின்சாரம் வருகிறதா என்று கேட்க ஆள் இல்லை. பெட்ரோல் பங்க்கில் காற்று இயந்திரம் கெட்டாலே புகார் செய்யலாம், அங்கே கழிப்பறையும் குடிதண்ணீரும் இருந்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. மாதக்கணக்கில் செத்துக் கிடக்கும் சார்ஜருக்காக ஒருவர் அபராதம் கட்டியதை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

மின்சாரமே இல்லாத ஊர் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். உடுமலை, தாராபுரம், பல்லடம் வட்டாரத்தில் எங்கே நின்று பார்த்தாலும் காற்றாலைதான். வைகாசி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கிப் புரட்டாசி வரை ஓயாது. அந்த சீசனில், வருகிற மின்சாரத்தை எடுத்துக்கொள்ள முடியாமல் காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று காற்றாலை வைத்திருப்பவர்களே புலம்புகிறார்கள். அப்படிப்பட்ட காற்றாடிகளுக்கு அடியில், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் வரை சார்ஜர் அணைந்து கிடக்கிறது. பராமரிப்பு வேண்டும், லைன்மேன் உயிர் முக்கியம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. எந்த நாள் தடை என்று முன்கூட்டியே பத்திரிகையில் போடுகிறார்களே, அதைச் செயலியில் ஏற்றினால் நான் வேறு வழியில் போவேனே! அதற்குக்கூட ஒருவருக்கும் மனசில்லை.

அடுத்தது ரிப்பேர். இதைப் பேசினால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியோ போர் போடுகிற ரிக் வண்டியோ படுத்துவிட்டால் நடுராத்திரியிலும் ஒருவர் ஸ்பேனரோடு வந்து நிற்பார். கரூரிலும் நாமக்கல்லிலும் வெறும் சேஸிஸைக் கொண்டுபோய் விட்டால் முழுப் பேருந்தாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். கோயம்புத்தூர் என்றாலே மோட்டாரும் பம்பும். இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டார் 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்தது என்று நாம் பெருமை பேசுகிற மண் இது. கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். சந்துக்கு ஒரு மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறது. இத்தனை கைகள் இருக்கிற ஊரில் என் காரின் மோட்டாரைத் தொட ஒருவருக்கும் அனுமதி கிடையாது!

ஒரு நாள் காலையில் வண்டி எழவே இல்லை. கீழே இருக்கிற பெரிய பேட்டரி நன்றாக இருந்தது. முன்னால் இருக்கிற 12 வோல்ட் சின்ன பேட்டரி செத்திருந்தது. அது செத்தால் வண்டியின் கம்ப்யூட்டர் விழிக்காது. எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் பத்து நிமிடத்தில் மாற்றியிருப்பார். தொட்டால் வாரண்டி போய்விடும் என்ற பயத்தில் சர்வீஸ் சென்டருக்குக் கூப்பிட்டோம். சக்கரத்தைத் தரையில் உருட்டி இழுக்கக் கூடாது, தட்டு லாரி வர வேண்டும் என்றார்கள். அது வந்து தூக்கிப் போனது. அங்கே போன பிறகு வேறொரு எரர் கோடு காட்டுகிறது, பயிற்சி எடுத்த ஆள் ஒருவர்தான், அவர் வேறு கிளைக்குப் போயிருக்கிறார், பாகம் புனேயிலிருந்து வர வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார்கள். வண்டி வாரக்கணக்கில் அங்கேயே நின்றது. கடைசியில் சாஃப்ட்வேர் ஏற்றியதோடு சரியாகிவிட்டது. தவணை மட்டும் தேதி தவறாமல் வங்கியில் பிடித்தார்கள். உயர் அழுத்த மின்சாரம் ஆபத்தானது, கண்டவர் கை வைக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். நம்மூர் ஐடிஐ பையன்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்துத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தங்கச்சி கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் அடுக்குமாடியில் இருக்கிறாள். என் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு அவளும் எடுத்தாள். பார்க்கிங்கில் அவள் மீட்டரிலிருந்து ஒயர் இழுக்கச் சங்கம் விடமாட்டேன் என்கிறது. தீப்பிடிக்குமாம். பெட்ரோல் டேங்க் நிரம்பிய கார்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறார்கள்! சொந்த வீட்டு இணைப்பில் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று அரசே சொன்ன பிறகும் அவள் வாரத்துக்கு வாரம் பொதுச் சார்ஜரைத் தேடி அலைகிறாள்.

அப்படியென்றால் விற்றுத் தொலை என்பீர்கள். விற்கப் போனால் பாதி விலைக்கும் கீழே கேட்கிறார்கள். பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது என்று காகிதத்தைக் காட்டினாலும், பழைய கார் வியாபாரி உதட்டைப் பிதுக்குகிறார். பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டால் கம்பெனி தரமாட்டேன் என்கிறது. பிறகு எவன் நம்பி வாங்குவான்?

திரும்பிப் போகிற இடமும் சொர்க்கம் இல்லை. பெட்ரோலில் இப்போது இருபது சதவீதம் எத்தனால். எத்தனாலுக்கு எரிசக்தி குறைவு, மைலேஜ் அடிபடுகிறது. விலை மட்டும் குறையவில்லை. டீசல் எடுத்தால் திருப்பூர் நெரிசலில் ஊர்ந்தே, புகைக்கரியை வடிகட்டுகிற டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் விலை நமக்கு எட்டாது. திருப்பூர் வெயிலில், புகைக்குப் பின்னால் நின்று நின்று வெறுத்துப்போய்த்தான் கரண்ட் வண்டிக்கு வந்தேன். மறுபடியும் குழாயில் புகை விட்டுக்கொண்டு போக எனக்கு மனசே இல்லை. நானாக விரும்பித் திரும்பவில்லை, துரத்துகிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சார்ஜருக்கு மானியம் கொடுத்தால், அது வேலை செய்த மணி நேரத்துக்குக் கொடுங்கள். செத்துக் கிடந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சார்ஜரிலும் தமிழ் பேசுகிற, சாவி வைத்திருக்கிற உள்ளூர் ஆள் ஒருவரின் எண்ணை எழுதிப் போடுங்கள். பணப்பையை ஒழித்துவிட்டு யுபிஐ வையுங்கள். பட்டறைகளுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். பேட்டரிக்குச் சான்று கொடுங்கள்.

ஆடியில் எங்கள் வீட்டில் புது வண்டி எடுக்க மாட்டார்கள், அதனால் ஆவணி பிறக்கும் வரை பொறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குள் சங்ககிரி சார்ஜருக்கும் பவானி சார்ஜருக்கும் உயிர் வந்தால் இந்தக் கார் என்னிடமே இருக்கும். வரவில்லையென்றால் ஆவணி முதல் முகூர்த்தத்தில் பெட்ரோல் காருக்கு முன்பணம் கட்டப் போகிறேன். கட்டும்போது வீட்டில் ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இருக்காது.