கடைசியா வாறவனைப் பார்த்துச் சிரிக்கிற ஆக்களுக்கு

அந்த வீடியோவை நான் இங்க திரும்பவும் போடேல்லை. எல்லாரும் பார்த்திட்டியள். மார்க் கவென்டிஷ் எண்ட சைக்கிள் ஓட்ட வீரர் ஓடிக்கொண்டே சத்தி எடுக்கிறார், பக்கத்தில வாற ரீம்காரர் தண்ணி ஊத்துறாங்கள், பின்னால வடிவேலு குரல். மேல ஒரு வசனம்: "35 தரம் வெண்டவராம், ஒரு மேடு ஏறேலாது." கீழ வரிசையா சிரிப்பு முகம். அதில அரைவாசி எங்கட கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பெடியள்.

அது 2024 ஜூன் 29. மூண்டு கிழமை ஓடுற ரூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியின்ர முதல் நாள், புளோரன்ஸில இருந்து ரிமினிக்கு. 206 கிலோமீற்றர், மொத்த ஏற்றம் 3600 மீற்றர், கொளுத்திற வெயில். அண்டைக்கு அவர் வெண்டவருக்கு 39 நிமிடம் பிந்தி வந்தார். அந்தப் போட்டியில ஒவ்வொரு நாளும் ஒருத்தர் வெல்லுவார். அப்ப அவற்ர கணக்கில 34 நாள் வெற்றிதான் இருந்தது, பழைய சாதனைக்காரர் எடி மெர்க்ஸோட சமன். 35ஆவது வந்தது ஜூலை 3, சத்தி எடுத்து நாலாம் நாள். நக்கலடிக்கிற வசனத்தில இருக்கிற இலக்கமே அந்த ஆள் திரும்பி எழும்பினதாலதான் கிடைச்சது. அதை வடிவா வெட்டிப்போட்டு மிச்சத்தைப் போட்டிருக்கிறியள். நல்ல எடிற்றிங்.

சரி, ஆத்திரத்தை விட்டிட்டு விசயத்துக்கு வாறன். கவென்டிஷ் ஒரு ஸ்பிரின்ரர், எண்டா சமதரையில கடைசி நேரத்தில பாய்ஞ்சு வெல்லுற ஆள். ஸ்பிரின்ரர் மலையில பின்னுக்கு நிக்கிறது சோம்பல் இல்லை, பயம் இல்லை, பயிற்சி காணாமலும் இல்லை. பாரம். அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கோ. மலையேறுறவர் ஒருத்தர் 62 கிலோ எண்டு வையுங்கோ. கிலோவுக்கு 6 வாற்றுப்படி 372 வாற்று மிதிக்கிறார். ஸ்பிரின்ரர் 84 கிலோ, 400 வாற்று மிதிக்கிறார். கவனியுங்கோ, கூட மிதிக்கிறது ஸ்பிரின்ரர்தான். ஆனா கிலோவுக்குப் பார்த்தா 4.8கூட வராது. 8 வீதச் சரிவில 10 கிலோமீற்றர் ஏற முதலாமவருக்குக் கிட்டத்தட்ட 29 நிமிடம், மற்றவருக்கு 34. கூட உழைச்சவன் அஞ்சு நிமிடம் பின்னுக்கு. அது ஒரு மலைக்கு. ஒரு நாளில மூண்டு, நாலு மலை வரும். ஆல்ப் டுவேஸ் மட்டும் 13.8 கிலோமீற்றர், 21 கொண்டை ஊசி வளைவு.

சமதரையில இந்தப் பாரம் பெரிசாத் தெரியாது. அங்க எதிரி காத்து. மணிக்கு 45 கிலோமீற்றரில போகேக்க சக்தியில பெரும்பங்கு காத்தைத் தள்ளத்தான் போகுது. முன்னுக்குப் போறவனுக்குப் பின்னால ஒளிச்சா மூண்டில ஒரு பங்கு மிச்சம். சோளகம் அடிக்கேக்க ஏ9 வீதியில லொறிக்குப் பின்னால சைக்கிள் ஓடின ஆளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. (அப்பிடி ஓடாதேங்கோ.) ஆனா மலையில வேகம் 17, 18க்கு இறங்கினதும் ஒளிக்கிறதில பெரிய லாபம் இல்லை. ரீமில எத்தினை பேர் முன்னுக்கு நிண்டாலும் அவனவன் பாரத்தை அவனவன்தான் தூக்கவேணும்.

இதை விளங்கப்படுத்த ஆல்ப்ஸுக்குப் போகத் தேவையில்லை. எங்கட ஊரில மலை எண்டு சொல்ல இருக்கிறது இரணைமடுக் குளக்கட்டு ஒண்டுதான். பெற்றோல் தடை இருந்த காலத்தில வன்னி முழுக்க ஓடினது சைக்கிளிலதான். பின் கரியரில ரெண்டு நெல்லு மூட்டை கட்டின மனுசர் பரந்தனில இருந்து சமதரையில மைல் கணக்காக மிதிச்சுக்கொண்டு போவினம். அதே மனுசர் குளக்கட்டு ஏத்தம் வந்ததும் இறங்கி, ஹான்டிலை ஒரு கையாலயும் மூட்டையை மற்றக் கையாலயும் பிடிச்சுத் தள்ளுவினம். அதைப் பார்த்து ஆரும் "மிதிக்கத் தெரியாதவர்" எண்டு சொன்னதில்லை. மூட்டை தெரிஞ்சது. ஸ்பிரின்ரருக்கு மூட்டை உடம்புக்குள்ள இருக்கு, உங்களுக்குத் தெரியேல்லை.

"அப்ப மெலியச் சொல்லுங்கோவன்" எண்டு ஒருத்தர் கொமென்ற் போட்டிருந்தார். தம்பி, அந்தத் தசைதான் அவற்ர தொழில். கடைசி 200 மீற்றரில 10, 15 செக்கனுக்கு 1500 வாற்றுக்கு மேல குடுக்கவேணும். செயின் சக்கரத்தில முன்னுக்கு 54 பல்லு, பின்னுக்கு 11 பல்லு, நிமிடத்துக்கு 110 சுத்து, வேகம் 68 கிலோமீற்றர். அதுக்குத் தேவை கெதியாச் சுருங்கிற தசைநார். அது சீனியை எரிச்சுத் தள்ளும், கெதியாக் களைக்கும். ஒரு மணித்தியாலம் ஒரே சீரா ஏறுறதுக்குத் தேவை மற்றச் சாதித் தசைநார். பத்துக் கிலோ குறைச்சா மலையில மூண்டு நிமிடம் கிடைக்கும், அந்த 200 மீற்றர் போயிடும். பிறகு அவரை ஆர் ரீமில எடுப்பான்? நீங்களா?

இப்ப, கடைசியா வாற அந்தக் கூட்டம் சும்மா உல்லாசப் பயணம் போகுதெண்டு நினைக்கிற ஆக்களுக்கு. அதுக்குப் பேர் குருப்பெத்தோ. ஒவ்வொரு நாளும் ஒரு நேர எல்லை இருக்கு. வெண்டவற்ர நேரத்தில இத்தினை வீதம் எண்டு கணக்கு, பாதை கடினமெண்டா வீதம் கூடும், வெண்டவர் வேகமா ஓடினாலும் கூடும். வெண்டவர் 5 மணித்தியாலம் எடுத்து வீதம் 12 எண்டா 36 நிமிடம். ஒரு செக்கன் பிந்தினாலும் பெட்டியைக் கட்டு.

அதால மலையில வெடிச்சுப் போகாம எல்லாரும் தாங்கிற ஒரு வேகத்தைப் பிடிப்பாங்கள். வேற ரீம், எதிரி எண்ட கதை அங்க இல்லை. உச்சியில எவ்வளவு பிந்தினாங்கள் எண்டு பார்த்து, இறக்கத்தில 80, 90இல விழுந்து, பள்ளத்தாக்கில மாறி மாறி முன்னுக்கு நிண்டு இழுப்பாங்கள். முந்தி கவென்டிஷோட ஒரே ரீமில ஓடின பேர்ன்ஹார்ட் ஐசல் எண்டவர் இந்தக் கணக்குக்காகவே பேர்போனவர்.

கணக்குப் பிழைக்கிற இடங்களும் இருக்கு. தொடக்கத்திலயே ஏத்தம் வந்தா கூட்டம் சேர முதலே ஒவ்வொருத்தனா உதிர்ந்து தனிச்சுப் போவான். தனிச்சவனுக்குப் பள்ளத்தாக்கில ஒளிக்க ஆளில்லை. வெயிலில வயிறு வேலை நிறுத்தினா மணித்தியாலத்துக்கு 90 கிராம் மாச்சத்து உள்ள போகாது, அதோட முடிஞ்சுது. அந்த வீடியோவில நீங்கள் பார்த்துச் சிரிச்சது அதைத்தான். எல்லாத்தையும்விட ஆபத்து தூரம் குறைஞ்ச நாள். 2018இல லா றோசியேர் எண்ட மலை ஊருக்குப் போன நாள் 108.5 கிலோமீற்றர்தான். வெண்டவற்ர நேரம் குறைவு, எல்லையும் குறைவு. கிற்றெல், கவென்டிஷ், றென்ஷோ மூண்டு பேரும் நேரம் பிந்தி வெளிய. அடுத்த நாள் ஆல்ப் டுவேஸ் பாதையில கவிரியா, கிறைப்பெல், குறோனவேகன் எண்ட ஸ்பிரின்ரர்மார் போட்டியை விட்டு இறங்கிட்டினம். கிற்றெல் அதுக்கு முதல் வருசம் அதே ரூரில அஞ்சு தரம் வெண்டவர். இவையெல்லாருக்கும் மேடு ஏறத் தெரியாதாம், கொமென்ற் பகுதியில இருக்கிற எங்களுக்குத் தெரியுமாம்.

"கார்க் கண்ணாடியைப் பிடிச்சுக்கொண்டு வருவாங்கள், கள்ளர்" எண்டும் ஒருத்தர். பிடிச்சவையும் இருக்கினம், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா 2015இல ஸ்பெயினில நடந்த வுவெல்ரா போட்டியில காரைப் பிடிச்சு வெளிய அனுப்பப்பட்டவர் நிபாலி, ரூர் டி பிரான்ஸை வெண்ட மலையேறி. அவற்ர வீடியோவுக்கு ஏன் பாட்டுப் போடேல்லை?

"வூட் வான் ஆர்ட் எண்ட ஸ்பிரின்ரர் மலையும் ஏறுறாரே" எண்ட கேள்வி மட்டும் கொஞ்சம் நியாயமானது. 2021இல வொன்ரூ மலையை ரெண்டு தரம் ஏறின நாளிலயும் வெண்டார், பாரிஸ் ஸ்பிரின்ரும் வெண்டார். ஓம். அப்பிடி ஒருத்தர் வாறதே அபூர்வம். அவரை வைச்சு மற்ற எல்லாரையும் அளக்கிறதெண்டா, ஏ.எல். சோதினையில தீவில முதலாவதா வந்தவனைக் காட்டி வீட்டில பிள்ளைக்கு அடிக்கிற வேலைதான். அதில நாங்கள் கெட்டிக்காரர் எண்டது தெரியும்.

எங்கட விளையாட்டுப் போட்டியளையும் பாருங்கோ. மூண்டு பேர் கோட்டைத் தாண்டினதும் ஒலிவாங்கிக்காரர் அடுத்த நிகழ்ச்சிக்குப் போயிடுவார். பிறகு தெருவைத் திறந்து விட்டிடுவினம், மோட்டச்சைக்கிளுக்கும் மாட்டுக்கும் இடையில மிச்சப் பெடியள் ஓடி முடிக்கவேணும். ஒரு சோடாவும் இருக்காது. அங்க ஒரு கை தட்டத் தெரியாத நாங்கள் கவென்டிஷுக்குச் சிரிக்கிறம்.

அண்டைக்கு அவரைச் சுத்தி நிண்ட ரீம்காரரை ஆரும் பார்க்கேல்லை. அவையளும் முன்னுக்குப் போயிருக்கலாம். நிண்டு, தண்ணி ஊத்தி, அவற்ர வேகத்துக்கு மிதிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தாங்கள். அப்பிடிக் கூட்டிக்கொண்டு வராட்டி ஜூலை 3 இல்லை.

என்ர கணக்கில பிழை இருந்தா பாரம், சரிவு, வாற்று மூண்டையும் எழுதிக்கொண்டு வாங்கோ, கதைப்பம். சிரிப்பு முகம் மட்டும் போட வாற ஆக்கள் அந்த மற்றப் பதிவிலயே போடுங்கோ, அங்க இன்னும் இடம் இருக்கு.